திருநீறு பூசிய கூடாரம்

தூக்கிப் போட்டால் தானே விரிந்துகொள்ளும் கூடாரம் ஒன்றை என் மகன் ஈப்போவிலிருந்து வாங்கி வந்தான். வாசலில் நின்று வீசினான். பட்டென்று விரிந்து நின்றது. "எப்படிம்மா?" என்று என் முகத்தைப் பார்த்தான். எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை. தைக்க வேண்டாம், பால் தடவ வேண்டாம், மூங்கில் வெட்ட வேண்டாம், யாரோடும் சண்டை போட வேண்டாம். அப்புறம் அது என்ன கூடாரம்?

அவள் இருந்திருந்தால் அதைச் சுற்றி ஒரு நடை நடந்து, தையலை விரலால் இழுத்துப் பார்த்து, "ஒரு மழைக்குத் தாங்காதுலா" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பாள்.

அவள் பெயரை நான் எழுதப்போவதில்லை. உலகத்தில் யாரையும் எதையும் கேட்காமலே செய்தவள் அவள். ஆனால் அவளுடையதைக் கேட்காமல் யாராவது எடுத்தால் அவ்வளவுதான், சாமியாடிவிடுவாள். அந்த வம்பு எனக்கு எதற்கு? நானும் அவளும் ஒரே வயது. ஒரே ரப்பர் தோட்டம், அடுத்தடுத்த வீடு. ஒல்லியான உடம்பு, கறுத்த முகம், கொண்டையில் எப்போதும் சொருகியிருக்கும் ஒரு கோணி ஊசி. மற்ற பெண்கள் பூ வைக்கிற இடத்தில் அவள் சாக்குத் தைக்கிற ஊசியை வைத்திருந்தாள். பால் மரம் சீவப் போகும்போதும் அது இருக்கும். கல்யாண வீட்டுக்கு வரும்போதும் இருக்கும்.

அவளைப் பற்றி ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும், மீதியெல்லாம் தானாகத் தெரிந்துவிடும். 'உனக்கு இடமில்லை' என்று அவளிடம் யாரும் சொல்லக்கூடாது. சொன்னால் அழமாட்டாள், கெஞ்சமாட்டாள். போய்த் தன் இடத்தைத் தானே செய்துகொண்டு வந்து அங்கே உட்கார்ந்துகொள்வாள். 'யாரைக் கேட்டு உட்கார்ந்தாய்?' என்றால், "யாரைக் கேக்கணும்?" என்பாள். அதுதான் அவள் வாயில் எப்போதும் இருந்த பேச்சு.

முதன்முதலில் 'இடமில்லை' என்று சொன்னவர் எங்கள் பள்ளி ஆசிரியை. எழுபதுகளின் தொடக்கம். பஸ் ஏறிப் பட்டணத்து இடைநிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தோம். லூமுட் கடற்கரையில் மாணவிகளுக்கு முகாம் என்றார்கள். தோளில் மாட்டும் பை, படுக்கும் பை, தட்டு, விளக்கு எல்லாம் அவரவரே கொண்டுவர வேண்டும். எங்கள் இருவரிடமும் இருந்தது புத்தகம் கட்டிவரும் ஒரு ரப்பர் வளையம். "சாமான் இல்லாதவங்களுக்கு இடமில்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றார் ஆசிரியை. நல்லவர்தான், கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் பஸ்ஸில் வீடுவரை அழுதுகொண்டே வந்தேன். அவள் ஜன்னல் வழியாகக் கடைகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"ஏண்டி அழுவுற? கடக்காரன் மட்டும் எங்கேருந்து எடுக்கிறான்? அவனும் எதையோ வெட்டித்தான் தைக்கிறான். நம்மளும் தைக்கலாம்."

அடுத்த வருஷம் என்று ஒன்று எங்களுக்கு வரவில்லை. அவள் அப்பா இறந்துபோனார், அவள் மரம் சீவப் போனாள். எங்கள் வீட்டில் அதற்கு ஒரு காரணம்கூடத் தேவைப்படவில்லை, நானும் போனேன். ஆனால் அவள் முகாமை மறக்கவில்லை. ஊரே மறந்த பிறகும் மனதில் வைத்துக்கொண்டிருப்பது அவள் குணம்.

கூடாரம் செய்த கதையைச் சொல்கிறேன். ரொட்டிக் கடையில் வீசிய மாவுச் சாக்குகளைக் கொண்டுவந்து துவைத்துப் பிரித்து, கோணி ஊசியால் ஒன்றாகச் சேர்த்துத் தைத்தாள். துணி பெரிதாக நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினால் கீழே ஒரு செம்பு விழுந்தது. "பால் தடவுவோம்" என்றாள். ரப்பர் பாலைத்தான் சொல்கிறேன். மழை நனைத்துக் கெட்டுப்போன பாலைத் தொழிற்சாலையில் எடுக்கமாட்டார்கள், வாய்க்காலில்தான் கொட்டுவோம். அதை வாளியில் கொண்டுவந்து, தென்னை மட்டையைத் தட்டி பிரஷ் செய்து, துணி முழுக்கப் பூசினோம். காய்ந்ததும் தண்ணீர் ஊற்றினோம். ஒரு சொட்டு இறங்கவில்லை. நான் குதித்தேன். அவள்கூடச் சிரித்தாள்.

அப்புறம் நாங்கள் செய்த காரியம்தான் காரியம். மத்தியான வெயிலில் சுடச்சுட மடித்து, கயிறு கட்டிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டோம். பிறந்ததிலிருந்து பாலோடு புழங்கும் எங்களுக்குப் பால் ஒட்டும் என்பது மறந்துவிட்டது! ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் பார்த்தால், அது கூடாரமில்லை, கட்டிப்பால். நான்கு பெண்கள் நான்கு மூலையில் இழுத்தும் பிரியவில்லை. கங்காணி அந்தப் பக்கம் போனவர், "தராசுல போடுங்கம்மா, நல்ல எடை வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் வரிசை வீடுகளான லயத்தில் உள்ளவர்களெல்லாம் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். நான் வெட்கத்தில் வீட்டுக்குள் போய்விட்டேன். அவள் அந்தக் கட்டியின் மேலேயே உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தாள்.

"ரப்பர் ஷீட்டு எப்படிடி ஒட்டாம இருக்கு?" என்று கேட்டாள்.

"புகை போடுறாங்க."

"அப்ப இதுக்கும் போடுவோம்."

மறுபடி சாக்கு, மறுபடி தையல், மறுபடி பால். இந்தத் தடவை, ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுப் புகை போடும் கொட்டகையில், கம்பு கம்பாகத் தொங்கிய ஷீட்டுகளுக்கு நடுவே எங்கள் கூடாரமும் தொங்கியது. கொட்டகைக்காரர் பார்த்துவிட்டு, "யாரு கேட்டு மாட்டுனது?" என்று கத்தினார். பதில் உங்களுக்குத் தெரியும். புகை குடித்துக் குடித்து அது கருப்பட்டி நிறத்துக்கு வந்தது. அதற்குப் பிறகு ஒட்டுவது பெரும்பாலும் நின்றது. ஓரங்கள் மட்டும் கொஞ்சம் பிசுபிசுத்தன. பவுடர் போட்டால் சரியாகிவிடும், ஆனால் கூடாரம் முழுக்கப் பூச யாரிடம் அவ்வளவு பவுடர் இருக்கிறது? அவள் கோயிலுக்குப் போய் ஒரு பால் வாளி நிறையத் திருநீறு அள்ளிக்கொண்டு வந்துவிட்டாள்.

பூசாரி பின்னாலேயே ஓடிவந்தார். அவருக்கு மூக்கின் மேல் கோபம்.

"அடியே, சாமி திருநீற சாக்குல பூசுறியா? கண்ணு அவிஞ்சி போயிரும்!"

"சாமி ஒண்ணும் சொல்லல மாமா. நீங்கதான் சொல்றீங்க."

"யாரைக் கேட்டு எடுத்தே?"

"நெத்தியில பூசும்போது யாரையாச்சும் கேக்குறோமா?"

பூசாரி திரும்பிப் போகும் வழி முழுக்க ஏசிக்கொண்டே போனார். அதற்குப் பிறகு பல வருஷம் அவளைக் கண்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவளும் விடவில்லை. ஒவ்வொரு தடவை கூடாரத்தை மடிக்கும்போதும் புதிதாகத் திருநீறு பூசித்தான் மடிப்பாள்.

முதல் முகாம் எங்கள் தோட்டத்துத் திடலில்தான் நடந்தது, கோயிலுக்கு எதிரே. வயசுப் பெண்கள் வெளியில் படுப்பதா என்று லயமே கொதித்தது. "வெளியில எங்க? உங்க கண்ணு முன்னாடி பாடாங்கு திடல்லதானே படுக்கிறோம். பாத்துக்கிட்டே இருங்க" என்றாள். எங்கள் வீட்டு ஆண்களும் சொல்லை மீறாமல் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நாங்கள் மரத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலைக் கொளுத்தி அடுப்பு மூட்டினோம். மழைத் தூறலிலும் அணையாத நெருப்பு அது. பழைய சேலைக்குள் இலவம்பஞ்சு திணித்துத் தைத்த பைகளில் படுத்தோம். அவள் பிஸ்கட் டின்னில் ஓட்டை போட்டுச் செய்த மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்றும் இருந்தது. என் இடது புருவம் இன்றைக்கும் சரியாக வளராததற்கு அதுதான் காரணம். கேட்டால், "ஓட்டை ரெண்டு அதிகமா போச்சு, தாப்பாலா" என்றாள். தாப்பாவாம், பரவாயில்லையாம்! புருவம் என்னுடையதல்லவா?

லூமுட்டுக்கு நாங்கள் போனது அதற்கும் அப்புறம். ஒரு தீபாவளி விடுமுறையில், சைக்கிள் டியூபை வெட்டி வார் வைத்த பைகளை மாட்டிக்கொண்டு ஈப்போவில் பஸ் ஏறினோம். கூடார மூட்டையிலிருந்து புகை போட்ட ரப்பர் வாடை. கண்டக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "இது ஆள் ஏறும் பஸ், இதுக்கு இடமில்லை" என்று மலாயில் சொன்னார்.

சொல்லியிருக்கக்கூடாது.

"இந்த வாசனதான் எங்க மேலயும் இருக்கு. அப்ப எங்களயும் ஏத்தமாட்டீங்களா?" என்று அவளும் மலாயிலேயே கேட்டாள். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கண்டக்டர் ஏதோ முனகினார். அவள் மூட்டைக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தாள். அதை ஜன்னலோரம் உட்கார வைத்தாள், தான் பக்கத்தில் உட்கார்ந்தாள். பூசிங் தாண்டியதும் ஒரு சீனக் கிழவர் ஏறி இடம் தேடினார். அவள் உடனே எழுந்து தன் இடத்தைக் கொடுத்துவிட்டு, லூமுட்வரை நின்றுகொண்டே வந்தாள். மூட்டை மட்டும் காற்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்து வந்தது. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

பெண் பார்க்க வந்த கதையையும் சொல்லாவிட்டால் அவள் முழுதாக வரமாட்டாள். சிலிம் ரிவரிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் அக்கா, "பொண்ணு என்ன செய்யும்?" என்று கேட்டார். அவள் அம்மா முந்திக்கொண்டு, "நல்லா தைக்கும்" என்றார். "என்ன தைக்கும், சட்டையா?" "கூடாரம்" என்றாள் அவள். மாப்பிள்ளை பாவம், நல்ல பையன்தான். சிரித்துவிட்டான். அவன் அக்கா சிரிக்கவில்லை. "எங்க வீட்டுல அதுக்கெல்லாம் இடமில்லம்மா" என்றார். அதோடு முடிந்தது. அவள் அவர்களுக்கு வைத்த தேநீரைத் தானே எடுத்துக் குடித்தாள்.

எண்பதுகளின் நடுவில் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். வாங்கிய கம்பெனி மரங்களைச் சாய்த்து வீடமைப்புத் திட்டம் போடப் போகிறதாம், எங்களுக்கான வீடமைப்பு இல்லை. லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். போக மறுத்தவர்களுக்குத் தண்ணீரை நிறுத்தினார்கள், பிறகு கூரைத் தகரத்தைக் கழற்றினார்கள். மாற்று வீடு கேட்டோம். பார்க்கலாம் என்றார்கள். அப்போது எனக்குக் கைக்குழந்தை. என் கணவர் லகாட்டில் இருந்த தன் அண்ணன் வீட்டுக்குப் போகலாம் என்றார், நானும் சட்டிபானையைக் கட்டினேன். அவள் வந்து வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"எங்கடி போற?"

"தலைக்கு மேல கூரை இல்ல. புள்ளய வச்சிக்கிட்டு நான் என்ன செய்ய?"

"ஆளாளுக்கு சொந்தக்காரன் வீட்டுக்குப் போனா முடிஞ்சுது. அப்புறம் எந்த வீட்டுக் கதவத் தட்டி உனக்கு மாத்து வீடு குடுப்பான்? எல்லாரும் ஒரே இடத்துல கண்ணுல படணும். கூரைதானே வேணும்? நான் தரேன்."

வீட்டுக்குள் போய் அந்தக் கருப்பட்டிக் கூடாரத்தை எடுத்து வந்து, எங்கள் எல்லோருக்கும் முன்னால் திடலில் விரித்தாள். அவளிடம் இன்னும் நாலைந்து கூடாரங்கள் இருந்தன. போதாததற்குப் படுதா, உர மூட்டை, கல்யாணத்துக்குப் போடும் பந்தல் துணி என்று கிடைத்ததையெல்லாம் கொண்டுவரச் சொன்னாள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து தைத்தோம். ஆண்கள் மூங்கில் வெட்டினார்கள். பாலுக்கா பஞ்சம்? சாய்க்கப் போகிற மரங்கள்தானே. இரண்டு நாளில் திடல் நிறைந்துவிட்டது. சாலையில் போகிறவர்கள் லாரியை நிறுத்திக் கேட்டால், "கேம்பிங்" என்பாள், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

ஒரு காலை, கம்பெனியின் குத்தகைக்காரர் லாரி நிறைய ஆட்களோடு வந்தார். கூட ஒரு போலீஸ்காரர். கூடாரத்தைப் பிரித்துப் போடத்தான் வந்திருந்தார்கள். நான் குழந்தையை இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

"சியாப்பா பாகி பெர்மிஷன்?" என்றார் போலீஸ்காரர். யார் அனுமதி கொடுத்தது என்று அர்த்தம்.

"மாவ் தாஞா சியாப்பா?" என்றாள் அவள். அவளுடைய அதே கேள்விதான், மலாயில்.

போலீஸ்காரர் முறைத்தார். குத்தகைக்காரர் கையைக் காட்டினார். லாரியிலிருந்து இறங்கிய ஒரு தமிழ்ப் பையன் முன்னால் வந்து, முதல் கூடாரத்தின் ஓரத்தைப் பிடித்தான். அவளுடைய அந்தக் கருப்பட்டிக் கூடாரம். அவள் கோணி ஊசியைக் கொண்டையிலிருந்து உருவிவிட்டாள். ஐயோ, இனி ரத்தம்தான் என்று நான் நினைத்தேன்.

அப்போது கோயில் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது.

"டேய்! யார்ரா அது கைய வைக்கிறது?"

பூசாரி. இடுப்பில் வேட்டி, கையில் திருநீற்றுத் தட்டு. அவளோடு அத்தனை வருஷம் முகம் கொடுத்துப் பேசாத மனிதர், ஓடிவந்து அவளுக்கு முன்னால் நின்றார்.

"அது சாமி திருநீறு பூசுன துணிடா! உன் கையப் பாரு!"

பையன் கையைப் பார்த்தான். உள்ளங்கை முழுக்க வெள்ளை. துணியின் உள்பக்கத்தில் அவள் பூசி வைத்திருந்த திருநீறு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எங்கே துடைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. சட்டையில் துடைக்கவும் மனமில்லை, தரையில் உதறவும் பயம். கடைசியில் மெல்லக் கையைத் தூக்கித் தன் நெற்றியிலேயே பூசிக்கொண்டான். பூசிக்கொண்ட கையோடு திரும்பி நடந்து லாரியில் ஏறி உட்கார்ந்துவிட்டான். மற்றவர்களில் பாதிப்பேர் தமிழர்கள், அவர்களும் அவன் பின்னாலேயே ஏறினார்கள். குத்தகைக்காரர் தொண்டை கிழியக் கத்தினார். போலீஸ்காரர் கோயிலைப் பார்த்தார், பூசாரியைப் பார்த்தார், ஊசியோடு நின்ற அவளைப் பார்த்தார். பிறகு வந்து பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"என்ன மாமா, நீங்கதானே அன்னைக்கு அவ கண்ணு அவிஞ்சி போயிரும்னு ஏசுனீங்க?" என்று பிற்பாடு நான் பூசாரியைக் கேட்டேன்.

"அது நம்ம வீட்டு சண்டைம்மா" என்றார்.

மழைக்காலம் முழுவதும் திடலில் இருந்தோம். ஒழுகியது, கொசு பிடுங்கியது, சண்டை போட்டுக்கொண்டோம், ஆனால் ஒரு குடும்பமும் போகவில்லை. கடைசியில் கம்பெனி இறங்கி வந்தது. கோயிலை ஒட்டிய ஒரு துண்டு நிலத்தில் வரிசையாகப் பலகை வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். கட்டி வைத்த வெடியெல்லாம் கொளுத்தினோம்.

வீடு குடும்பத் தலைவர் பெயரில்தான் என்றார்கள். அவள் அப்பா செத்துப்போய்விட்டார். அம்மாவுக்குக் குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் சிவப்பு அடையாளக் கார்டு, அதில் வீடு கிடைக்காது. அவள் கல்யாணமாகாத பெண். கம்பெனி அதிகாரி அவள் முகத்தைப் பார்க்காமலே, "உங்களுக்கு இடமில்லை" என்று சொன்னார். எங்களுக்கெல்லாம் கூரை போட்டவளுக்குக் கூரை இல்லை! "என் வீட்டுல வந்து இரு, நீயும் அம்மாவும்" என்று அழுதேன். அவள் என் கண்ணைத் துடைத்துவிட்டு வேறு ஒன்று கேட்டாள்.

"எல்லாரும் வீட்டுக்குப் போறீங்க. கூடாரத்த வச்சி என்ன பண்ணப் போறீங்க? இங்க குடுங்க."

எல்லாவற்றையும் பிரித்து ஒன்றாகத் தைத்தாள். வரிசையின் கடைசி வீட்டுக்கும் கோயிலுக்கும் நடுவில் கொஞ்சம் இடம் கிடந்தது. அங்கே அந்தப் பெரிய கூடாரத்தை அடித்து, அம்மாவோடு குடிபோனாள். அதிகாரி வந்தார்.

"என்ன இது?"

"கேம்பிங்."

"எத்தனை நாளைக்கு?"

"மழை விடட்டும் சார்."

எங்கள் பக்கத்தில் மழை எந்தக் காலத்தில் விட்டது? கூடாரம்தானே, என்றைக்கானாலும் பிரித்துவிடலாம் என்று அவரும் போய்விட்டார். பிறகு வருவார், வெளியிலிருந்து பார்ப்பார், போவார். அவள் மட்டும் லயத்தில் இடித்துப் போட்டிருந்த பலகைகளை ஒவ்வொன்றாகச் சுமந்து உள்ளே கொண்டு போய்க்கொண்டிருந்தாள். "அடுப்பெரிக்க" என்றாள். மழை பலமாகப் பெய்யும்போதெல்லாம் உள்ளே சுத்தியல் சத்தம் கேட்கும். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வாள் என்று தெரியும்.

ஒரு பொங்கலன்று காலை, வெளியே வந்து கொண்டையிலிருந்து ஊசியை உருவி, கூடாரத்தின் தையலை அவளே பிரித்தாள். வரிசை முழுக்க வந்து நின்றோம். கருப்பட்டித் துணி திருநீறு உதிர்த்துக்கொண்டு சரிந்து விழுந்தது. உள்ளே ஒரு வீடு நின்றது. லயத்துப் பலகை, லயத்துக் கூரைத் தகரம், நீலச் சாயம் பூசிய கதவு, ஜன்னலில் அவள் அம்மாவின் முகம். பூசாரி வாய்விட்டுச் சிரித்தார். நான் "அடிப்பாவி" என்று சொல்லி அழுதுவிட்டேன்.

அவள் சாயத் தூரிகையை எடுத்து, எங்கள் வரிசையின் கடைசி எண்ணுக்கு அடுத்த எண்ணைத் தன் கதவில் எழுதினாள்.

"யாரைக் கேட்டுடி நம்பர் போட்டே?" என்றேன், வேண்டுமென்றே.

"ஏன், உனக்கு அதுக்கப்புறம் எண்ணத் தெரியாதா?" என்றாள்.

அதிகாரி வந்து கத்தினார். ஆனால் கூடாரத்தைப் பிரிப்பது வேறு, வரிசையில் எண்ணோடு நிற்கும் வீட்டை, அதுவும் ஜன்னலில் ஒரு கிழவி உட்கார்ந்திருக்கும்போது, கோயில் மணியடிக்க ஊரே கூடி நிற்கும்போது இடிப்பது வேறு. தபால்காரர் எண்ணைப் பார்த்துத் தபால் போட்டார். பிறகு மின்சாரம் வந்தது. அவள் அம்மா அந்த வீட்டில்தான் கண்ணை மூடினார். பல வருஷம் கழித்து அவளும் அங்கேதான்.

இப்போது அங்கே, முன்பே கல்யாணமாகிப் போன அவளுடைய தங்கையின் மகள் குடியிருக்கிறாள். மாதாமாதம் மின்சார பில் இன்றைக்கும் அந்தப் பெரியம்மா பெயரில்தான் வருகிறது. பெயரை மாற்றச் சொல்லி நாங்கள் யாரும் யாரையும் போய்க் கேட்கவில்லை.